சோர்ந்த நாட்களில் கர்த்தருக்குள் சந்தோஷம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

சிங்கப்பூரில், யீஷூனில் உள்ள எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனவர்கள், வேலை அனுமதி பாஸ் முடியப்போகிறவர்கள், ஊரில் ஒரு சாவுக்குப் போக முடியாதவர்கள், குழந்தைக்காகப் பத்து வருடம் காத்து ஓய்ந்தவர்கள் என்று பலரும் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதே சோபாவில் அப்படி உட்கார்ந்தவன்தான்.

வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் அநேகமாக ஒன்றுதான். வரிசையை மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் தானாக வரவேண்டிய துதியை முதல் நாளே வம்பாக இழுக்கிறார்கள். அது வராதபோது, "எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கு" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளைவிட அவற்றின் வரிசையை முக்கியமாகப் பாருங்கள்.

தொடங்குமுன் தேவையானவை

அச்சடித்த வேதாகமம் ஒன்று. கைப்பேசியில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதே கைப்பேசியில்தான் மேலாளரின் குறுஞ்செய்தியும் வங்கியின் நினைவூட்டலும் வருகின்றன. இரண்டு வசனம் படிப்பதற்குள் கவனம் அங்கே ஓடிவிடும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைப்பதே போதும். அழகான நோட்டு வாங்காதீர்கள். அதில் அழுக்கான வார்த்தைகளை எழுதக் கை வராது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே நேரத்தில். ஷிப்ட் வேலை என்றால் கடிகார மணியைப் பார்க்க வேண்டாம், "குளித்துவிட்டு வந்தபின்" என்பதுபோல ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மேலும் ஆறு வாரம் பொறுமை. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொண்டேன் என்கிறாரே தவிர, ஒரு கூட்டத்தில் கைவைத்து ஜெபித்ததும் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்வதற்கு நாள் பிடிக்கும்.

1. சோர்வா, நோயா என்று முதலில் பாருங்கள்

இதைப் பத்தாவது படியாகத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் முதலில் வைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடக்கிறதா? எதிலும் பிடிப்பில்லையா? தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைந்துவிட்டதா? அப்படியானால் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் இதையே சொல்லுங்கள். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவம் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை போடுகிறவரை நாம் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்வதில்லையே.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மற்றப் படிகள் எல்லாம் காத்திருக்கட்டும். 1767 என்ற எண்ணை அழையுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பு 24 மணி நேரமும் எடுக்கும். 1771 என்ற தேசிய மனநல எண்ணும் இருக்கிறது. ஆபத்து கண்முன்னே இருந்தால் 995.

இங்கே நடக்கும் பிழையைச் சபையாரும் சேர்ந்தே செய்கிறார்கள். "மருந்து எடுத்தால் சாட்சி கெட்டுவிடும்" என்று ஒருவர் எங்கள் கூட்டத்திலேயே சொன்னார். அவரை அன்று சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பேச வேண்டியிருந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லி யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

2. சாப்பிடுங்கள், தூங்குங்கள்

எலியாவின் கதை 1 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொல்கிறான். அதற்கப்புறம்தான் நாற்பது நாள் நடை. அதற்கும் அப்புறம்தான் ஓரேபில் தேவனோடு பேச்சு.

அந்த வரிசை தற்செயலாக வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கமில்லாத மூளைக்கு எல்லாமே நியாயத்தீர்ப்பாகத்தான் கேட்கும். கிருபையைப் பற்றிப் படித்தாலும் குற்றச்சாட்டுதான் காதில் விழும்.

முதல் நான்கு நாளைக்கு வேறு எதுவும் வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு. மாலையில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடை. புளோக்கைச் சுற்றி நடந்தால்கூடப் போதும். இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுங்கள். தனியாக இருப்பவர்கள் காப்பிக்கடையில் போய்ச் சாப்பிடுவது நல்லது. யாரோடும் பேசாவிட்டாலும் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு தட்டுச் சோறு இறங்கும்.

உபவாசத்தை இந்த நாட்களில் தொடங்காதீர்கள். உடைந்த மனதோடு வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான்: "மூன்று நாள் உபவாசம் இருந்தால் கர்த்தர் கேட்பார்." தூதன் அடை சுட்டுக் கொடுத்த மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள். உபவாசத்துக்குக் காலம் வரும்.

3. கஷ்டத்துக்குப் பெயர் வையுங்கள்

ஐந்தாம் நாள் நோட்டைத் திறங்கள். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம்: நடந்தது. வலப்பக்கம்: நடந்துவிடுமோ என்று பயப்படுவது.

வேலை போனவர் ஒருவர் எழுதியது இது. இடப்பக்கம் ஒரே வரி: "வேலை போய்விட்டது." வலப்பக்கம் பதினான்கு வரி: பாஸ் ரத்தாகும், முப்பது நாளில் கிளம்ப வேண்டும், பிள்ளையின் பள்ளி என்னாகும், மாமனார் முன்னால் எப்படி நிற்பது, ஊரில் வாங்கிய வீட்டுக்கடன்... எழுதி முடித்துவிட்டு அவரே அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றுக்காக அழுகிறேன் என்று நினைத்தேன், பதினான்குக்காக அழுதுகொண்டிருக்கிறேன்" என்றார்.

பிரிப்பது எதற்கென்றால், இரண்டுக்கும் ஜெபம் வேறு. நடந்துபோனதற்குத் துக்கம் கொண்டாட வேண்டும். பயப்படுவதில் பாதிக்குக் கையால் செய்யக்கூடிய வேலை இருக்கும். சம்பளப் பாக்கி என்றால் மனிதவள அமைச்சின் வழியாக முறையிடலாம். அதை ஜெபக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள். மீதிப் பாதி நம் கையில் இல்லாதது. அதுதான் அடுத்த படிக்குப் போகிறது.

4. முறையிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2020 ஜூலையில் என் அம்மா பாளையங்கோட்டையில் இறந்துபோனார். இந்தியாவுக்கு வழக்கமான விமானங்கள் மார்ச்சிலேயே நின்றிருந்தன. எனக்கு வேலை போய் ஐந்து வாரம். அடக்க ஆராதனையைத் தம்பி கைப்பேசியில் காட்டினான். என் கைப்பேசியை மைலோ டின் மேல் சாய்த்து வைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் போனதும் படம் உறைந்துவிட்டது. தம்பியின் செருப்பும் கொஞ்சம் செம்மண்ணும் திரையில் நின்றன. சத்தம் மட்டும் வந்தது: "மண்ணுக்கு மண்ணாகவும்" என்று சபைப் போதகர் சொல்வது, அப்புறம் மண் விழுகிற சத்தம்.

அன்று இரவே சபை நண்பர் ஒருவர் போன் பண்ணி, "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, பிரதர்" என்றார். சொன்னேன். வாய் சொன்னது. அப்படியே எட்டு மாதம் வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனையை இணையத்தில் பார்ப்பேன், கையை உயர்த்துவேன், உள்ளே மரக்கட்டை மாதிரி இருக்கும். கர்த்தர்மேல் எனக்கு இருந்த கோபத்தை அவரிடமே மறைத்துக்கொண்டிருந்தேன் என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. மறைத்துவைத்துப் பேசுகிறவரிடம் சந்தோஷம் எங்கிருந்து வரும்? மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுச் சிரித்துப் பேசிப் பாருங்கள், தெரியும்.

செய்ய வேண்டியது இது. சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்பதுதான் தொடக்கமே. மரியாதைக்காக எதையும் மழுப்பவில்லை. அடுத்த இரண்டு வசனத்தில் நேராகக் கேட்கிறான்: நோக்கிப் பாரும், செவிகொடும். கடைசி இரண்டில்தான், "நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறான். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. சத்துரு அப்படியேதான் இருக்கிறான்.

இந்த அமைப்பில் உங்கள் சொந்த முறையீட்டை எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு வரி. பிறகு, என்ன வேண்டும் என்று இரண்டு வரி; சுற்றி வளைக்காமல். அப்புறம் "நானோ" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். அதற்குமேல் வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். மறுநாளும் இதையே செய்யுங்கள். பத்து நாளாவது செய்யுங்கள்.

எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். வீட்டில் ஆட்கள் இருந்தால் நடந்துகொண்டே முணுமுணுக்கலாம். காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டு விதமாக விழுகிறார்கள். ஒருவர் இது முறுமுறுப்பு, பாவம் என்று பயந்து நிறுத்திவிடுவார். முறுமுறுப்பு என்பது தேவனைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வது. முறையீடு அவரிடமே போய்ச் சொல்வது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களில் உட்கார்ந்து பேசியதையும் தாவீது முழங்காலில் பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இன்னொருவர் நான்கு "எதுவரைக்கும்" எழுதியதில் ஒரு சுகம் கண்டு, ஐந்தாவது ஆறாவது என்று போய்க்கொண்டே இருப்பார், "நானோ" பக்கம் திரும்பவே மாட்டார். அவருக்கு நான் சொல்வது, நான்கோடு நிறுத்துங்கள் என்பதுதான்.

5. பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சில் படியுங்கள்

மூன்றாம் வாரம் இதைத் தொடங்கலாம். நான்கே அதிகாரம், 104 வசனம். நிதானமாகப் படித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். தினமும் முழுவதையும் படியுங்கள், ஒரு வாரத்துக்கு. துண்டு துண்டாகப் படித்தால் "சந்தோஷமாயிருங்கள்" என்ற கட்டளை மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை எழுதிய ஆள் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பது மறந்துபோகும். அவர் கட்டப்பட்டிருந்தார், தீர்ப்பு உயிரா சாவா என்று தெரியாமல்.

படிக்கும்போது பென்சிலால் மூன்று வகைக் குறி போடுங்கள். சந்தோஷம், மகிழ்ச்சி என்று வரும் இடங்களுக்கு ஒரு வட்டம். "கர்த்தருக்குள்", "கிறிஸ்துவுக்குள்" என்று வரும் இடங்களுக்கு அடிக்கோடு. பவுலுக்கு இருந்த பிரச்சினைகளுக்கு ஒரு பெருக்கல் குறி.

ஏழு நாள் முடிந்ததும் பக்கங்களைப் பாருங்கள். பெருக்கல் குறிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். கட்டுகள், பொறாமையால் பிரசங்கிப்பவர்கள், மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்து, ஒத்துப்போகாத எயோதியாளும் சிந்திகேயாளும். இரண்டாம் அதிகாரம் 27-ஆம் வசனத்தைத் தவறவிடாதீர்கள். எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பற்றிச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடிக்குத் தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார் பவுல். சந்தோஷத்தின் நிருபம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் கடிதத்தில், எழுதியவரே தனக்கு ஏற்கெனவே ஒரு துக்கம் இருப்பதை ஒளிக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இந்த வசனத்தைக் காட்டியதும் விம்மி அழுதவர்கள் உண்டு. துக்கமும் சந்தோஷமும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு யாராவது அனுமதி கொடுக்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

அடிக்கோடுகளையும் பாருங்கள். நான்காம் அதிகாரம் நான்காம் வசனத்தில் "சந்தோஷமாயிருங்கள்" என்பதற்கு முன்னால் "கர்த்தருக்குள்" என்று இருக்கிறது. நிலைமைக்குள் சந்தோஷப்படச் சொல்லவில்லை. வேலை போனதற்காகச் சந்தோஷப்படு என்று யாராவது சொன்னால், வேதம் அப்படிச் சொல்லவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள். வேலை போகும், வரும்; அவர் உங்களைப் பிடித்திருக்கிற பிடி போவதில்லை. நிலைத்த சந்தோஷத்துக்குக் கால் ஊன்ற இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

6. உங்கள் ஆத்துமாவோடு நீங்கள் பேசுங்கள்

இது சின்னப் படி. சங்கீதம் 42-இலும் 43-இலும், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி மூன்று முறை வருகிறது. ஒரு முறை சொன்னதும் ஆத்துமா அடங்கிவிடவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

மனம் பொருமத் தொடங்கும் நேரம் உங்களுக்கே தெரியும். எனக்கு அது காலை ரயிலில், காத்திப் நிலையத்தைத் தாண்டும்போது. அந்த நேரத்துக்கு ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு நீங்களே சொல்லுங்கள். புலம்பல் 3:22, 23 எனக்கு உதவியது: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." எருசலேம் எரிந்த பிறகு அந்த இடிபாட்டைப் பாடும் புத்தகத்தில் இருக்கிற வரி இது என்பதால் இதை நம்ப முடிகிறது.

ஒரே வசனம். காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் இருபது வசனப் படங்கள் இந்த வேலையைச் செய்யாது. (அனுப்புகிறவர்கள் மன்னிக்கவும். பூ, சூரிய உதயம், புறா எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.)

7. இப்போது நன்றி சொல்லுங்கள்

நான்காம் வாரம் ஆகியிருக்கும். இப்போது நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, தினமும் இரண்டு நன்றி எழுதுங்கள். விதி ஒன்றே: அன்றைக்கு நடந்ததாக, கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். "ஜீவன், சுகம், பெலன் தந்தீரே" என்று பொதுவாக எழுதினால் மூன்றாம் நாளே கை தானாக ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். "பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி கறிபாப் கொடுத்தார்" என்று எழுதுங்கள்.

"நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்று ஒப்பிட்டு நன்றி சொல்லாதீர்கள். மற்றவர் துன்பத்தில் நம் நிம்மதியைத் தேடுவது அது. கோவிலில் பரிசேயன் பண்ணிய ஜெபமும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்.

வாரக் கடைசியில் ஆபகூக் 3:17, 18-ஐ எடுத்து உங்கள் வாழ்க்கைக்கு எழுதிப் பாருங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று அவர் தன் ஊர்க் கணக்கைத்தான் எழுதினார். நமக்கு அத்திமரம் எங்கே?

துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன், விடுதியின் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு, பாக்கெட் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: "ஓவர்டைம் இல்லாமற்போனாலும், ஏஜென்ட் கடன் அடையாமற்போனாலும், பாஸ் புதுப்பிக்காமற்போனாலும், தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போனாலும், முதுகுவலி விடாமற்போனாலும்". அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கிரீஸ் படிந்த ஒரு விரல் தடம் மட்டும்.

"மீதி?" என்று கேட்டேன். "அது இன்னும் வரலண்ணே, பொய்யா எழுத வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றான். மூன்று ஞாயிறு கழித்து நோட்டைக் காட்டினான். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று வேறு நிற மையில் இருந்தது. கடன் அப்போதும் அடையவில்லை. என்னப்பா நடந்தது என்று கேட்டதற்கு, "தெரியலண்ணே, எழுதலாம்னு இருந்துச்சு" என்றான்.

ஆபகூக்கின் புத்தகமும் அப்படித்தான் போகிறது. மூன்று அதிகாரத்தில் முதலாவது, "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன்" என்ற முறையீட்டில்தான் தொடங்குகிறது. நாம் நாட்காட்டியில் அச்சடிப்பதெல்லாம் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வரிகளை.

8. ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்

பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் நடுராத்திரியில் பாடியதைச் சோர்ந்துபோனவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள். அதில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தனியாளாகத் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தால் பவுல் பாடியிருப்பாரா என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

முதலில் ஒரே ஒருவர் போதும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஆலோசனை சொல்லாமல், வாரம் ஒரு முறை என்னோடு உட்கார முடியுமா?" தயங்குகிறார் என்றால் வேறொருவரைப் பாருங்கள். நோட்டில் உள்ள "எதுவரைக்கும்" வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஞாயிறு மாலை உட்காரும் இடமெல்லாம் கூட்டமாக இருக்கும்; ஃபேரர் பார்க் திடலின் புல்லில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சபைக்கு முன்னால் சாட்சி சொல்வதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். நம் சபைகளில் சாட்சி என்றால் "பிரச்சினை இருந்தது, ஜெபித்தேன், தீர்ந்தது" என்று முடிய வேண்டும் என எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. தீராதவர் எழுந்து நின்றால் அவரும் எப்படியாவது அந்த அச்சுக்குள் தன் கதையை அடைக்கப் பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் முன்னைவிடக் கனமாக இருக்கும்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்தது அந்த ஏழு நாள்தான். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. அழுகிறவரை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

9. சிறிதாக எதையாவது கொடுங்கள்

"கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்பது நெகேமியா 8:10-இன் கடைசிப் பகுதி. அந்த வசனத்தின் முதற்பகுதியை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்த ஜனங்களிடம், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெலனைப் பற்றிப் பேச்சு வருகிறது. மகிழ்ச்சியோடு கூடவே ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் போகிறது.

ஐந்தாம் ஆறாம் வாரத்தில் வாரம் ஒரு செயல் போதும். புதிதாக வந்தவருக்குக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் வழியைக் காட்டிக் கொடுங்கள். அடுத்த வீட்டு முதியவரின் மருத்துவமனைச் சீட்டை வாசித்துச் சொல்லுங்கள். துயரம் நம்மை உள்நோக்கிச் சுருட்டிவிடும். கை வெளியே நீளும்போது அந்தச் சுருள் கொஞ்சம் தளரும். ஆனால் இதை இரண்டாம் வாரமே தொடங்கி, ஊழியத்தில் மூழ்கித் துக்கத்திலிருந்து தப்பி ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, மருத்துவமனை ஜெபம் என்று எல்லாவற்றிலும் இருப்பார்கள்; ஒரு நாள் திடீரென்று சபைக்கே வராமல் போய்விடுவார்கள்.

10. மறுபடி இருட்டினால்

இருட்டும். நினைவு நாள், கிறிஸ்துமஸ், முன்பு வேலை பார்த்த கட்டடத்தைக் கடந்து போகும் பேருந்து, ஏதாவது ஒன்று கிளப்பிவிடும். இதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சங்கீதம் 88 ஒரு வெளிச்சக் கீற்றும் இல்லாமலே முடிகிறது; அதையும் சபையின் ஜெபப்புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும். வருடம் பாதி போயும் அது நடக்கவில்லையே என்று வருகிறவர்களும் உண்டு. எரேமியா 29:11 அடிக்கடி கைக்கு வருகிற அட்டை: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தைப் படித்தால், எழுபது வருடம் நிறைவேறின பின்பு என்று இருக்கும். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வந்த கடிதம் அது. ஐந்தாம் வசனத்தில் வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. ஏழாம் வசனத்தில் அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. அட்டையைக் கழற்ற வேண்டாம். பக்கத்திலேயே அந்த அதிகாரத்தின் 4 முதல் 14 வரை கையால் எழுதி ஒட்டுங்கள்.

இருட்டின நாளில் முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. இரவு தூங்கினேனா, சாப்பிட்டேனா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் நோட்டில் நான்காம் படிக்குப் போய் ஒரு "எதுவரைக்கும்" எழுதுங்கள். பழைய பக்கங்களில் "நானோ" என்று எழுதிக் காலியாக விட்ட இடங்கள் கண்ணில் படும். எனக்கு அப்படி 2021-இல் விட்ட பக்கங்கள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் ஆறில்தான் பின்னால் ஏதோ எழுதியிருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன். மற்றவற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது.